சரிவில் ஒரு வார இறுதி வீடு: நீலகிரியில் கட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை என்று கீழேயிருந்து வருகிறவர்கள் மலையில் வீடு கட்டுவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கொடைக்கானலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பேச வசதியாக ஒரு மனையை வைத்துக்கொள்வோம். 12 சென்ட். மூன்றடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவு. மேல் விளிம்பில் ரோடு. மனை முழுக்கப் பழைய தேயிலைச் செடி. குடும்பத்தில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். தீபாவளி லீவு என்றால் சித்தப்பா வீட்டாரும் சேர்ந்துகொள்வார்கள்.

மனை பார்க்க எப்போது வரலாம்?

நல்ல மழையில் வாருங்கள். புரோக்கர் ஏப்ரல், மே மாதத்தில்தான் கூப்பிடுவார். அப்போது எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஆடி மழை. அந்தந்த ஊரின் மழைக்காலத்தில் ஒரு குடையோடு மனையில் அரை மணி நேரம் நின்றால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தானே தெரிந்துவிடும். வீட்டை எங்கே வைப்பது என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

மழையில் வர முடியாதவர்கள் கோடையில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. சுற்றிலும் காய்ந்திருக்க, ஓரிடம் மட்டும் பச்சையாகவும் கால் வைத்தால் ஈரமாகவும் இருந்தால் அங்கே ஊற்று இருக்கிறது. மரங்கள் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தால் மேல் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். மின்கம்பம் சாய்ந்திருப்பது, பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருப்பது, தரையில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுவது எல்லாம் மனையின் ஜாதகம். தரகர் சொல்வதைவிட இவை நம்பகமானவை.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்பு 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் மரப்பாலம் அருகே பெரிய சரிவு. வாங்கப்போகும் மனையைச் சுற்றி அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு அபாய வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கீழே பார்ப்பதுபோலத்தான். மலைக்கென்று சில கூடுதல் கேள்விகள் உண்டு. கிராமம் 'ஹாக்கா' பட்டியலில் வருகிறதா? மலைப் பகுதிப் பாதுகாப்புக்காக 1990-ல் அமைக்கப்பட்ட குழு அது. பட்டியலில் இருந்தால் கூடுதலாக ஒரு அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தில் காப்புக்காடு இருக்கிறதா? கூடலூர், பந்தலூர் என்றால் ஜென்ம நிலமா (பழைய ஜமீன் போன்ற எஸ்டேட் நிலம்), அந்த முறையை ஒழித்த சட்டத்தின் செக்‌ஷன் 17-ல் வருகிற, உரிமை முடிவாகாத நிலமா? அப்படியென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்குச் சீல் வைத்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உச்ச நீதிமன்றம் 2020-ல் வழித்தட அறிவிப்பை உறுதி செய்துவிட்டது.

சரிவு எவ்வளவு இருந்தால் 'அதிகம்'?

ஐந்துக்கு ஒன்று, அதாவது 11 டிகிரி என்றால் சாவகாசமாகக் கட்டலாம். மூன்றுக்கு ஒன்று 18 டிகிரி. யோசித்துக் கட்ட வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்றால் 27 டிகிரி. அந்தச் சரிவில் வீட்டுக்கு ஆகிற பணத்தைச் சுவருக்குப் போட வேண்டியிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், மலையில் கண் ஏமாற்றும். கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) இருக்கும். ஒரு நீளக் கயிறும் அதுவும் போதும், மதியத்துக்குள் தெரிந்துவிடும். மனை பிடித்து வாங்குவது என்று முடிவானால் காண்டூர் சர்வே (மனையின் மேடு பள்ளத்தை அளந்து வரைகிற படம்) எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் பிளான் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பிளான் வாங்க வேண்டாம்.

மொத்தமாக வெட்டிச் சமன் செய்துவிட்டால் வேலை சுலபம்தானே?

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 அடி அகலத்துக்குச் சமதளம் வேண்டுமென்றால், நம் மனையில் மேல் பக்கம் 10 அடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் 150 கன அடி மண் வெளியே வரும். வீடு 40 அடி நீளம் என்றால் 6,000 கன அடி. வெட்டி எடுத்த மண் உதிர்ந்து இன்னும் பெருகும். அதை எங்கே கொட்டுவீர்கள்? பொதுவாகக் கீழ்ச் சரிவில்தான் தள்ளுகிறார்கள். அது அடுத்த மழையில் கீழ் வீட்டுக்காரர் முற்றத்தில் போய் நிற்கும்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். மேல் மாடி ரோடு மட்டத்தில் 30 அடி அகலம். அதன் ரோட்டுப் பக்கப் பாதியை வெட்டாமல், அஸ்திவாரச் சுவரில் தூக்கி நிறுத்துகிறோம். பள்ளத்தாக்குப் பக்கப் பாதியின் கீழ் மட்டும் 15 அடி அகலத்தில் ஒரு கீழ்த்தளம். இந்த 15 அடிக்கு வெட்டும் உயரம் 5 அடிதான். மண் அடிக்கு 37.5 கன அடி, மொத்தம் 1,500. முதல் கணக்கில் கால்வாசி. கிடைப்பதோ மேலே 1,200 சதுர அடி, கீழே 600 சதுர அடி.

சுவரிலும் இதே கதைதான். மண் தள்ளும் விசை உயரத்தோடு நேராக ஏறுவதில்லை, உயரத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 10 அடிச் சுவரை மண் எவ்வளவு தள்ளுமோ, அதில் கால் பங்குதான் 5 அடிச் சுவரைத் தள்ளும். சரிவில் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சூத்திரம் வெட்டைக் குறைப்பது. மீதியெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

நம் மலைச் செம்மண்ணில் ஒரு பொல்லாத குணம் இருக்கிறது. காய்ந்த நாளில் வெட்டினால் 10 அடி உயரத்துக்குச் சுவர்போலவே நிற்கும். "பாருங்க சார், பாறை மாதிரி நிக்குது" என்று பொக்லைன் டிரைவர் சொல்வார். தண்ணீர் ஊறினால் அதே மண் கூழாகிவிடும். மழையில்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில், மழையே இல்லாத மாதத்தில், ஊட்டி லவ்டேலில் வீட்டு வேலைக்காக மண் வெட்டிய இடத்தில் மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெட்டுக்கு மேலே என்ன நிற்கிறது, அது யாருடையது என்று பார்க்காமல் ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது.

படுகர் ஹட்டிகளை, அதாவது அவர்களுடைய ஊர்களைப் பாருங்கள். வீடுகள் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசையாக ஓடும், முன்னால் நீள முற்றம். அகலம் குறைவு, நீளம் அதிகம். சரிவில் ஏன் அப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு மேலே உள்ள கணக்குதான் பதில்.

வெட்டிய மண்ணையே கீழ்ப் பக்கம் நிரப்பி இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமா?

தோட்டம் போடலாம். வீட்டின் எந்தச் சுவரும், தண்ணீர்த் தொட்டியும், காரும் அதன் மேல் நிற்கக் கூடாது. கொட்டிய மண் பல மழைக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் நிற்கும் வீடு நடுவில் பிளப்பதை இந்த மலையில் எங்கும் பார்க்கலாம்.

காலம் (தூண்) போட்டு அந்தரத்தில் நிறுத்திவிட்டால் வெட்டவே வேண்டாமே?

நல்ல வழிதான், படத்திலும் அழகாக இருக்கும். இரண்டு விஷயங்களை இன்ஜினியரிடம் பேசுங்கள். சரிவில் மேல் பக்கத் தூண்கள் குட்டையாகவும் கீழ்ப் பக்கத் தூண்கள் நெட்டையாகவும் அமையும். நிலம் அதிர்ந்தால் குட்டைத் தூண்கள்தான் பெரும்பங்கு விசையை வாங்கி முதலில் உடையும். அதற்கேற்ப டிசைன் செய்து, தூண்களைக் குறுக்கும் நெடுக்கும் பீம் போட்டுக் கட்ட வேண்டும். அடுத்தது, அஸ்திவாரம் கெட்டி மண் வரை இறங்க வேண்டும். மேலோட்டமாக நான்கடி தோண்டி நிறுத்தினால் அது கீழே உருளக் காத்திருக்கும் தூண்.

இன்னொன்று குளிர். அடியில் காற்று ஓடும் வீட்டில் தரை சில்லென்றிருக்கும். பாட்டி ஒரு ராத்திரிக்கு மேல் தங்க மாட்டார். தரைக்கு அடியில் இன்சுலேஷன், மேலே மரப்பலகை என்று முதலிலேயே திட்டத்தில் சேருங்கள்.

தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம் போகலாம்?

ஐந்தடிக்குள் என்றால் நல்ல கருங்கல் கட்டு போதும். அடியில் அகலமாகவும் மேலே குறுகியும், மலைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தும் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இன்ஜினியர் கணக்கு இல்லாமல் கட்டாதீர்கள். ஒரே சுவராகப் பத்தடி எழுப்புவதைவிட ஐந்தடியில் இரண்டு சுவர் நல்லது. ஆனால் இரண்டையும் ஒட்டி வைத்தால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் மேல்தான் விழும். நடுவில் தாராளமாக இடம் விட்டுச் செடி வையுங்கள்.

சுவர் விழுவது பெரும்பாலும் மண்ணால் அல்ல, பின்னால் அடைபட்ட தண்ணீரால். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லியும் மண்ணும் கலக்காமல் நடுவில் ஒரு வடிகட்டித் துணி, அடியில் ஓட்டைக் குழாய், சுவரில் வரிசையாகத் தண்ணீர் வெளியேறும் துளைகள். இவை இல்லாமல் எவ்வளவு கம்பி போட்டாலும் பிரயோஜனமில்லை. துளைகள் அசிங்கமாக இருக்கின்றன என்று பூசி அடைக்கச் சொன்ன உரிமையாளர்களும் உண்டு! பாசி படிந்த துளையிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். சுவர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ரோடு மேலே இருக்கிறது. அறைகளை எப்படி அடுக்குவது?

கீழ் நாட்டில் ஹால் கீழே, படுக்கை மேலே. இங்கே அதைத் தலைகீழாகப் போடுங்கள். கார் நிற்கும் மட்டத்திலேயே நுழைந்தால் ஹால், சமையலறை, தாத்தா பாட்டிக்கு பாத்ரூம் ஒட்டிய அறை. காட்சி, வெயில், வாசல் எல்லாமே இந்தத் தளத்தில் கிடைக்கும். மளிகை மூட்டையும் கேஸ் சிலிண்டரும் படி இறங்க வேண்டியதில்லை. முட்டி வலிக்காரர் காரிலிருந்து கட்டில் வரை ஒரு படி இல்லாமல் போகலாம். ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் சின்னப் பாலம்போல ஒரு நடை வந்தால் அதற்குக் கைப்பிடி கட்டாயம். பனி பெய்த காலையில் வழுக்கும்.

கீழ்த்தளம் மற்றவர்களுக்கு. மகன், மருமகளுக்கு ஓர் அறை. பிள்ளைகளுக்கென்று தனி அறை போடாமல், அடுக்குக் கட்டிலோடு எட்டுப் பேர் உருளக்கூடிய ஒரு நீள அறை வையுங்கள். வார இறுதி வீட்டுக்கு அட்டாச்டு பாத்ரூமோடு ஐந்து பெட்ரூம் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதுண்டு. வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கிற வீடு இது. ஒவ்வொரு கூடுதல் அறையும் கூடுதல் வெட்டு, கூடுதல் ஓதம் (சுவர் ஈரம்), துடைக்க இன்னொரு பாத்ரூம். சித்தப்பா குடும்பம் வருகிற நான்கு நாளுக்கு ஹாலில் அகலமான திண்ணை ஒன்று கட்டி மெத்தை போட்டால் போதும். பகலில் எல்லாரும் உட்கார்ந்து சீட்டாடுவதும் அங்கேதான் நடக்கும்.

கீழ்த்தளத்தில் மண்ணை ஒட்டிய பின்சுவர்ப் பக்கம் படுக்கையை வைக்காதீர்கள். பாத்ரூம், ஸ்டோர், படிக்கட்டு எல்லாம் அந்தப் பக்கம். ஜன்னல்கள் பள்ளத்தாக்குப் பக்கம். முடிந்தால் மண்ணைத் தாங்கும் சுவர் வேறு, அறைச் சுவர் வேறு என்று பிரித்து, நடுவில் ஆள் நுழைந்து சுத்தம் செய்கிற அளவுக்கு ஓர் இடைவெளி விடுங்கள். செலவுதான், ஆனால் ஓதத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. மேல் தளத்தின் வெட்டாத பாதிக்கு அடியில் கிடைக்கும் குனிந்து போகிற இடத்தில் குழாய், பம்பு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். பின்னால் ரிப்பேருக்குத் தரையை உடைக்க வேண்டியிருக்காது.

ரோடு கீழே இருந்தால்?

விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். கட்டும்போது ஒவ்வொரு செங்கல்லும் தலைச்சுமையாக ஏற வேண்டும், கட்டிய பிறகு ஒவ்வொரு அரிசிப் பையும். வயதானவர்கள் வரப்போகிற வீடு என்றால் வாங்க வேண்டாம் என்பேன். இளவட்டங்கள் தாராளமாக வாங்கலாம்.

பள்ளத்தாக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போடலாமா?

போடலாம், ஒரே ஓர் இடத்தில். ஹாலில் உட்கார்ந்தால் மலை தெரிய வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வோர் அறையிலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி என்றால் ராத்திரி பத்து மணிக்கு வீடே ஐஸ் பெட்டி. ஒற்றைக் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழியும், மரச்சட்டம் கறுக்கும்.

காட்சியைவிட வெயில் முக்கியம் என்பது முதல் மார்கழியில் புரியும். நாம் 11.4 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் உச்சி வெயில் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்கு ஜன்னல்கள் குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயில் வாங்கும். ஜூனில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், அப்போது எப்படியும் மேகம்தான். கிழக்கு வெயில் காலைக் குளிரை விரட்டும். மனையின் காட்சி வடக்கே இருந்தால் ஹாலின் பெரிய கண்ணாடி வடக்கே போகட்டும். தாத்தா பாட்டி அறையை மட்டும் கிழக்கு அல்லது தெற்கு மூலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எதிர் மலை வெயிலை மறைக்கிறதா என்று டிசம்பர் காலையில் எட்டு மணிக்கு ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. சில பள்ளங்களில் பத்து மணி வரை வெயிலே விழாது.

மழைக்கு ஆழமான இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) வேண்டும், குளிருக்கு வெயில் வேண்டும். இரண்டும் சண்டை போடும். ஜன்னலின் மேல் விளிம்புக்கு நேரே மூன்றடி இறவாரம் நீட்டினால், டிசம்பர் உச்சி வெயிலிலும் தெற்குக் கண்ணாடியின் மேல் நாலேகால் அடி நிழலில் போய்விடும். ஊட்டியின் பழைய பங்களாக்களில் இதற்கு ஒரு விடை இருக்கிறது: கண்ணாடி போட்டு மூடிய வராந்தா. பகலில் வெயிலைப் பிடித்து வைக்கும், ராத்திரி அதன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடலாம். கிழக்குப் பக்கம் ஆறடி அகலத்தில் ஒன்று போட்டால் காலைக் காப்பி அங்கேதான்.

அந்தப் பழைய பங்களாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819-ல் கோத்தகிரி கன்னேரிமுக்கில் கட்டியதிலிருந்து, வெள்ளைக்காரர்கள் இஷ்டப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள். மேட்டுத் தோள், சமநிலம், நல்ல வடிகால் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. இன்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் மிச்சச் சரிவு. அதனால் பங்களாவின் பிளானை அப்படியே நகல் எடுத்துச் சரிவில் வைப்பது சரிவராது. வராந்தாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டையான கான்கிரீட் கூரை, மேலே டெரஸ். கூடாதா?

மாடர்ன் வீடு என்றால் தட்டைக் கூரை என்று யார் சொன்னது? நாள் கணக்கில் தூறுகிற மழைக்கும் மூடுபனிக்கும் சரிவுக் கூரைதான் ஒத்துவரும். இரும்பு ட்ரஸ், மேலே இன்சுலேஷன் வைத்த ஷீட், உள்ளே மரச் சீலிங். சத்தம் அடங்கும், நீர் கோர்க்காது. மங்களூர் ஓடும் அழகுதான். குரங்கு உள்ள பகுதியில் மாதம் நான்கு ஓடு மாற்றத் தயாராக இருங்கள். கூரையை ஒரே சரிவாக, மலைச் சரிவு இறங்கும் திசையிலேயே இறக்கினால் வீடு நிலத்தோடு ஒட்டி நிற்கும், உயர வரம்புக்குள்ளும் அடங்கும்.

கணப்பு வைக்கலாமா?

வையுங்கள். ஆனால் திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். கதவு வைத்த இரும்பு அடுப்பு குறைந்த விறகில் அறையைச் சூடாக்கும். எதுவானாலும் புதுக் காற்று உள்ளே வர வழி விடுங்கள். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரியடுப்பை மூட்டித் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. குளிர்கால மலைவாசஸ்தலங்களில் உயிர் போன கதைகள் நிறைய.

தண்ணீருக்கு என்ன செய்வது? போர் போடலாமா?

நீலகிரியில் போர்வெல் போடக் கட்டுப்பாடு உண்டு, நினைத்தபடி போட முடியாது. கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். நம் வீட்டின் கூரை 110 சதுர மீட்டர், ஆண்டு மழை 1,200 மி.மீ. என்று வைத்தால் 1,32,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். வார இறுதிக்கு மட்டும் வருகிற குடும்பத்துக்கு இது தாராளம். தொட்டி எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம். 10,000 லிட்டர் என்றால் 10 டன். சரிவின் விளிம்பிலோ நிரப்பிய மண்ணிலோ வைக்காதீர்கள். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீருக்கும் குழாய் போட்டு ஓடை வரை கொண்டுபோய் விட வேண்டும்.

வீட்டுக்கு மேல் பக்கம், ரோட்டிலிருந்தும் மேல் மனையிலிருந்தும் வரும் தண்ணீரை மறித்துத் திருப்ப ஒரு வாய்க்கால் கட்டாயம். கட்டட வேலையில் கடைசியாகச் செய்யும் வேலையாக இதை நினைக்கிறார்கள். முதல் வேலையே இதுதான்.

செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி?

டேங்க் வீட்டுக்குக் கீழ்ப் பக்கம், தண்ணீர் தானாக இறங்குகிற இடத்தில். உறிஞ்சுகுழியைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். சமவெளியில் தண்ணீர் உறிஞ்சினால் நல்லது. சரிவில் ஒரே இடத்தில் வருடம் முழுக்க ஊறினால் அந்த மண் கனத்து வழுக்கும். தடுப்புச் சுவருக்கு மேலேயும் பின்னாலேயும் உறிஞ்சுகுழி வைக்கவே வைக்காதீர்கள். டேங்கிலிருந்து வருவதை, அடியில் கசியாத ஜல்லித் தொட்டியில் கல்வாழை நட்டு அதன் வழியே விட்டு, பிறகு சம உயரத்தில் நீளமாக ஓடும் ஓட்டைக் குழாயில் பரவலாகப் பிரித்துவிடலாம். ஓடைக்குப் பக்கத்தில் வேண்டாம். உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

தேயிலைச் செடிகளை எடுத்துவிட்டுப் புல்தரை போடலாமா?

வீடு நிற்கும் இடம் தவிர வேறெங்கும் எடுக்காதீர்கள். அந்த வேர்கள் இத்தனை வருடம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. வெறும் மண் தெரிகிற இடத்தில் வெட்டிவேர் நடலாம். சாய்ந்த கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்) வீட்டின் மேல் விழுகிற தூரத்தில் இருந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது.

கரடி வருமாமே?

வரும், கோத்தகிரி பக்கம் சகஜம். எண்ணெய் வாசனைக்கும் மீந்த சாப்பாட்டுக்கும் வரும். சமையலறைக் கதவு கனமான மரத்தில் வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும், குப்பைத் தொட்டி பூட்டுகிற அறைக்குள். காட்டெருமை உங்கள் வேலியை மதிக்காது. அது போகிற பாதையை விட்டுக் கொடுத்துவிட்டு வேலி போட்டால் வேலியும் மிஞ்சும். முற்றத்து விளக்கு இல்லாமல் ராத்திரி காரை விட்டு இறங்குகிற மாதிரி வாசலை அமைக்காதீர்கள்.

பர்மிஷன் எவ்வளவு கஷ்டம்?

பொறுமை வேண்டும். மலை நகரங்களில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள், அதாவது சுமார் 23 அடி. சரிவில் அதை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதைப் பிளான் போடும் முன்பே உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் சொன்ன இரண்டு தள வீட்டுக்கு ஒவ்வொரு தளமும் ஒன்பதடிக்கு மேல் போனால் இடிக்கும். தாழ்ந்த அறை சீக்கிரம் சூடாகும் என்பதால் இதில் நஷ்டமில்லை. பொக்லைன் இறக்க ஆட்சியர் அனுமதி தேவை. 'ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள். அப்புறம், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும்.

வாஸ்து?

தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு தாழ்ந்த மனை நல்லது என்பார்கள். அப்படிப்பட்ட சரிவு கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால், வாஸ்துவுக்காக மலையின் பள்ளத்தை மேடாக்க முயற்சி செய்ய வேண்டாம். பூஜையறையைக் கிழக்கு பார்க்க வைத்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது வேலை தொடங்கலாம்?

மண் வேலையும் அஸ்திவாரமும் தடுப்புச் சுவரும் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள். வெட்டுவதற்கு முன் மேல் வாய்க்கால், வெட்டிய கையோடு சுவர். சுவர் எழும்பாத வெட்டு மழையைப் பார்க்கக் கூடாது. தாமதமாகிவிட்டால் அந்த வருடம் வெட்டாமல் விட்டுவிடுங்கள். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், பலகையைப் பிரிக்க மேஸ்திரியை அவசரப்படுத்தாதீர்கள். பட்ஜெட்டில் கல், மணல், கம்பி எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற வாடகையையும், லாரி நிற்கிற இடத்திலிருந்து மனை வரை சுமைக்கூலியையும் தனியாக எழுதிவையுங்கள்.

கட்டி முடித்த பிறகு, வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்குமே?

அதுதான் இந்த வீட்டின் நிஜமான பிரச்சினை. பூட்டிய வீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னலுக்கு மேல் சாத்தவே முடியாத சிறு காற்றுத் துளைகள் கம்பிவலையோடு இருக்கட்டும். பீரோக்களைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாரம் இரண்டு முறை வந்து ஜன்னலைத் திறந்து வைத்தால் எந்த மெஷினும் வேண்டாம். அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு வார இறுதியை ஒதுக்கி, கூரைத் தகரக் கால்வாய், மேல் வாய்க்கால், தடுப்புச் சுவரின் துளைகள் மூன்றிலும் சேர்ந்த சருகையும் மண்ணையும் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், துளைக்குள் குச்சி விட்டுக் குத்துகிற வேலை அவர்களுக்குப் பிடிக்கும்.